சூரியன் உதிக்காத ஐந்து நாள்

2007ஆம் வருடத்துக் கத்திரியில், மே மாதம் பதினான்காம் தேதி திங்கட்கிழமை தொடங்கிப் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வரை, மேற்குத் தாம்பரத்தில் சூரியன் உதிக்கவில்லை.

இது டீக்கடையில் யாரோ அளந்த கதை இல்லை. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், எழுபத்தைந்து படலங்களை ஒவ்வொன்றாகக் கருவிக்குள் வைத்துப் பார்த்துக் கண்ட முடிவு. எழுபத்தைந்தும் ஒரே பதிலைத்தான் சொல்லின. பூஜ்யம்.

அதே ஐந்து நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டின் தார் இளகி, ஒரு வங்கி ஊழியரின் இடது கால் செருப்பைப் பிடித்துக்கொண்டது. அவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஐப்பசி மழைக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். சொன்னபடி வந்து எடுத்துக்கொண்டும் போனார். தாம்பரம் ஸ்டேஷனில் காக்கைகள் பறந்தால் இறக்கை சுடுகிறதென்று நடைமேம்பாலத்தில் படியேறி நடந்தே தண்டவாளத்தைக் கடந்தன. அவற்றிடம் பிளாட்பாரம் டிக்கெட் கேட்கலாமா என்று ஒரு பரிசோதகர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார். ஆனால் இவையெல்லாம் கண்ணால் கண்டவை. கருவி கண்டது பூஜ்யம். கண்ணுக்கும் கருவிக்கும் தகராறு வந்தால் படித்தவர்கள் கருவியின் பக்கம்தான் நிற்பார்கள்.

அந்தப் பூஜ்யத்தால் லாசரஸுக்குச் சோறு இறங்கவில்லை.

லாசரஸ் அந்த ஆய்வுக்கூடத்தின் உதவியாளர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தேழு வருடத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைக்கூட உடைத்ததில்லை என்பதால், அவர் உண்மையிலேயே வேலை செய்கிறாரா என்று ஒரு முறை தணிக்கைக்காரர்களுக்குச் சந்தேகம் வந்ததுண்டு. அவருடைய முதலாளி பேராசிரியர் பத்ரிநாராயணன். பதினோரு வருடமாக வெயில் அடிக்கும் நாளெல்லாம் நடுப்பகலில் மொட்டைமாடிக்குப் போய், செங்கல் அளவுள்ள ஒரு கருவியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளந்து எழுதுகிறவர். அளக்கும் நேரம் வரும்வரை குடை பிடிப்பது லாசரஸ். குடை பேராசிரியருக்கு இல்லை, கருவிக்கு.

தாம்பரத்துக்கு மேலே வானத்தில் பரந்து கிடக்கும் ஓசோனை எல்லாம் திரட்டித் தரைக்குக் கொண்டுவந்து அமுக்கி வைத்தால் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும் என்பார் பேராசிரியர். ஒரு ஓட்டல் ரவா தோசை. சூரியனின் புறஊதாக் கதிரை வடிகட்டி அனுப்புவது அந்தத் தோசைதான். பழைய ஃபிரிட்ஜ்களிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்து கிளம்பிய வாயுக்கள் மேலே போய் அதைத் தின்றன. தென் துருவத்தில் பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. தாம்பரத்தின் பங்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்டால், பதினோரு வருடத்தில் ஒரு சதவீதம் குறைந்ததா இல்லையா என்பதே அவருக்குச் சந்தேகம். பதினோரு வருட வெயிலில் அவர் தலைமுடிதான் நிச்சயமாகக் குறைந்திருந்தது.

ஆனால் இங்கே இன்னொரு சங்கதி உண்டு. நம் பக்கத்துத் தோசை பிறவியிலேயே மெல்லியது. மே மாதத்தில் சூரியனும் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கிறது. ஆகவே ஓட்டைக்கு அடியில் இருப்பவர்களைவிட, ஓட்டையே இல்லாத தாம்பரத்தில் நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் அந்தக் கதிர் அதிகம் விழும். வானத்தை அளந்தது போதும், இனி மனிதர்களை அளப்போம் என்று பேராசிரியர் முடிவு செய்தார்.

அந்த நேரம் பார்த்து ஓர் அறக்கட்டளை முன்வந்தது. அதை நடத்துபவர் மெஹர் பானு, தோல் வியாபாரக் குடும்பத்து அம்மாள். அறக்கட்டளையிடம் அந்த வருடம் ஒரே ஒரு நிழற்கூரைக்கு வழியிருந்தது. கேட்டவர்களோ இரண்டு தரப்பு. ஒன்று, கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சி செய்யும் ஓய்வுபெற்றவர்கள் சங்கம். மற்றொன்று, மேற்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் சுவரை ஒட்டிக் கீரையும் காயும் விற்கும் பதினைந்து பெண்கள். யார் மேல் வெயில் அதிகம் விழுகிறதோ அவர்களுக்குக் கூரை, அளந்து சொல்லுங்கள் என்று மெஹர் பானு பேராசிரியரிடம் விட்டுவிட்டார்.

அந்தப் பதினைந்து பெண்களுக்காக மனு எழுதியதும், கூரைக்கால் ஊன்றச் சர்ச் இடத்தில் நாலடி விடும்படி போதகரிடம் கேட்டு வாங்கியதும் லாசரஸ்தான். காரணம் கங்கையம்மாள்.

கங்கையம்மாள் முப்பது வருடமாக அந்தச் சுவரோரம் கீரை விற்கிறாள். முப்பது வருடமாக லாசரஸின் வீட்டில் அவளுடைய கீரைதான்; இரண்டு கட்டு வாங்கினால் அதில் ஒன்று நேற்றையதாக இருக்கும். அவளுடைய வலது கண்ணில், மூக்கோரத்திலிருந்து வெள்ளையாக ஒரு சதை கிளம்பி, மெல்ல மெல்லக் கருவிழிமேல் ஏறிக்கொண்டிருந்தது. வெயிலால் வளரும் சதை என்றார் கண் டாக்டர். அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் மறுபடியும் அதே வெயிலில் உட்கார்ந்தால் முன்னைவிட வேகமாக வளரும், முதலில் நிழலுக்கு வழி பண்ணிக்கொண்டு வா, பிறகு கத்தியை எடுக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். சதை கருவிழியின் பாதி தூரம் வந்துவிட்டது. நிழல்தான் வரவில்லை.

அளப்பதற்கு வந்தது பாலிசல்போன் என்ற ஒரு மெல்லிய படலம். புறஊதாக் கதிர் பட்டால் அதன் குணம் மாறும். எவ்வளவு மாறியது என்று ஆய்வுக்கூடக் கருவி சொல்லிவிடும். தபால்தலை அளவுத் துண்டு, அதைச் சுற்றித் தடித்த அட்டைச் சட்டம், பின்னால் ஓர் ஊசி. காலையில் தோளில் குத்திக்கொண்டு மாலையில் கழற்றிக் கொடுத்தால், அன்று அந்த ஆள்மேல் விழுந்தது எவ்வளவு என்று தெரியும். ஒரு நாளைக்கு ஒரு படலம். பதினைந்து பெண்களுக்கு ஐந்து நாளைக்கு எழுபத்தைந்து. கீழ்க்கட்டளைக்காரர்களுக்கும் அதே கணக்கு; அதை அவர்கள் சங்கச் செயலாளர் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் பேராசிரியர் ஒரு கருத்தரங்குக்காக டில்லி போயிருந்தார். போகும்போது லாசரஸிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். படலத்தின் மேல் தண்ணீர் படக்கூடாது, கைரேகை படக்கூடாது.

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

கங்கையம்மாளோ நிமிடத்துக்கு ஒரு தரம் கீரைக்குத் தண்ணீர் தெளிப்பவள். தெளிக்கும் தண்ணீரில் பாதி கீரைக்கு, பாதி அவளுக்கு. கை எப்போதும் மண். அவள் தோளில் அட்டை ஒரு மணி நேரம் தாங்காது. லாசரஸ் ஓர் இரவு யோசித்தார். உண்மையில் யோசிக்க ஒன்றுமே இல்லை. கெட்டுப்போகக் கூடாத எதற்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஞானஸ்நானச் சான்று, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் வீட்டில் லேமினேஷன் ஆனவை. மஞ்சள் காமாலை வந்தபோது டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டையும் அப்படிச் செய்துவிட, மருந்துக் கடைக்காரரால் அதில் முத்திரை குத்த முடியாமல் போய், மருந்தில்லாமலே காமாலை இறங்கிவிட்டது. லேமினேஷன் கடை பாயின் இயந்திரம் இன்னும் இரண்டடி அகலமாக இருந்தால் இவர் என்னையும் உள்ளே விட்டு எடுத்திருப்பார் என்று அவருடைய மனைவி தபீதாள், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பாய் ஜாபர். குரோம்பேட்டையில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை. ஞாயிற்றுக்கிழமை எழுபத்தைந்து அட்டைகளுக்கும் ஊசியைக் கழற்றி, பளபளவென்று உறை போட்டு, பின்னால் ஊசியை மறுபடி மாட்டித் தந்தார். சட்டம் தடிமனாக இருந்ததால் உறை நடுவிலிருந்த படலத்தைத் தொடாமல் மத்தளத் தோல் மாதிரி விறைத்து நின்றது. ஐந்து நாள் மாலையும் லாசரஸ் ஒவ்வோர் அட்டையையும் வாங்கி, பிளேடால் உறையைப் பிளந்து, உள்ளே இருந்ததைப் பூப்போல எடுத்து டப்பாவில் அடுக்கினார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு ரேகை இல்லை.

டில்லியிலிருந்து வந்த பத்ரிநாராயணன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான படலத்தைத் தொழிற்சாலையில்கூடப் பார்த்ததில்லை என்றார். அப்போதே உட்கார்ந்து அறிக்கையின் நன்றிப் பக்கத்தை முதலில் எழுதினார். 'மாதிரிகளைக் குறையற்ற கவனத்துடன் கையாண்ட திரு. லாசரஸ் அவர்களுக்கு' என்று ஒரு வரி. லாசரஸின் பெயர் அச்சில் வருவது அவருடைய கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அவர் அந்தப் பக்கத்துக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று மாலையே அது ஜாபர் கடைக்குப் போய் உறை போட்டுக்கொண்டு வீடு வந்தது.

மறுநாள் படலங்களைக் கருவிக்குள் வைத்தார்கள். கீழ்க்கட்டளைக்காரர்களின் படலங்களில் வியர்வையும் விரல் அழுக்கும் இருந்தாலும், காலை வெயில் கொஞ்சம் கொஞ்சம் பதிவாகியிருந்தது. தாம்பரத்துப் பெண்களுடையதில் ஒன்றுமே இல்லை. பேராசிரியர் கருவியைத் தட்டிப் பார்த்தார். மின்சாரத்தை நிறுத்திப் போட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அது ஒன்றுதான். அந்தப் பெண்கள் அட்டையைக் குத்திக்கொள்ளாமல் சுருக்குப் பையில் போட்டு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ நிழலில் இருந்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றார். அறக்கட்டளைக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. உள்ளதை உள்ளபடி எழுதித்தான் கொடுக்கவேண்டும். கூரை கீழ்க்கட்டளைக்குப் போகும். அதற்கு முன் ஒரு வார்த்தை அந்தப் பெண்களைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று புதன்கிழமை லாசரஸை அனுப்பினார்.

லாசரஸ் போய்ச் சுற்றி வளைத்துத்தான் கேட்டார். ஆனால் முப்பது வருடம் ரோட்டில் வியாபாரம் செய்தவளிடம் சுற்றி வளைப்பது பலிக்காது.

"இன்னா சாரு," என்றாள் கங்கையம்மாள். "நான் நெயல்ல குந்திக்கினு வியாபாரம் பண்ணேன்னு சொல்ல வந்தியா?"

"நான் சொல்லலை கங்கையம்மா. மிஷின் சொல்லுது."

"அந்த மிஷினை இட்டுக்கினு வா. காலைல பத்து மணிக்கு என் பக்கத்துல குந்த வெச்சுட்டுப் போ. மூணு மணிக்கு அது இன்னா பேசுதுன்னு நான் கேட்டுக்கறேன்."

பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கும் நாகலக்ஷ்மி, மாலையில் அட்டையைக் கழற்றிக் கொடுக்கவே மனசு வராமல் இருந்தவள், முந்தானையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டாள். கங்கையம்மாள் கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள். வலது கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. சதை வளர்ந்ததிலிருந்து அது எப்போதும் வடிவதுதான். ஆனால் அன்றைக்கு அது எந்த வகை நீர் என்று லாசரஸுக்குத் தெரியவில்லை. அன்று அவர் கேட்ட கீரையை அவள் தரவில்லை. தீர்ந்துவிட்டது என்றாள். கூடையில் பன்னிரண்டு கட்டு இருந்தது.

திரும்பும் வழியில் கால் தானாக ஜாபர் கடையில் நின்றது. ஜாபர் யாரோ ஒரு வாடிக்கையாளரை மடக்கிக்கொண்டிருந்தார். கடை வாசலில், மேற்கு வெயிலுக்கு நேராக, ஒரே ரோஜாப்பூப் படம் இரண்டு மாட்டியிருந்தது. ஒன்று வெளிறிப்போய் எது பூ எது இலை என்று தெரியாமல் இருந்தது. மற்றது அப்போதுதான் பறித்த மாதிரி சிவப்பு. இரண்டையும் ஒரே நாளில் மாட்டினேன், ரெண்டு வருஷம் ஆகிறது என்று ஜாபர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுல லேமினேஷன் இல்லை, அதுல இருக்கு. அவ்ளோதான் சார் வித்தியாசம். வெயிலோட வெஷத்தை உள்ளயே விடாது நம்ம பேப்பர்."

லாசரஸ் இரண்டு ரோஜாவையும் பார்த்தபடி நின்றார். வாடிக்கையாளர் தன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போனபிறகும் நின்றார்.

"இன்னாண்ணா, முகம் வெளிறிப் போச்சு," என்றார் ஜாபர். "உக்காருங்க. சோடா சொல்லவா?"

லாசரஸ் சோடா வேண்டாம் என்றார். இரண்டு வெறும் உறை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெட்டியில் ஏழு படலம் மிச்சம் இருந்தது. வியாழக்கிழமை பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, லாசரஸ் யாருக்கும் சொல்லாமல் கல்லூரி மொட்டைமாடியில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின்மேல் உறை, மற்றதின்மேல் ஒன்றுமில்லை. பிறகு கீழே இறங்கிக் கருவிக்குள் வைத்தார். உறை போட்டது: பூஜ்யம். போடாதது: இரண்டு மணி நேரத்திலேயே கீழ்க்கட்டளைக்காரர்களின் ஐந்து நாள் கணக்கைத் தாண்டியிருந்தது. அவர் அந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதினார். கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் எழுதினார்.

வீட்டில் தபீதாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சுவரில் நன்றிப் பக்கம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, உறைகளை எல்லாம் எப்போதோ குப்பையில் போட்டாகிவிட்டது என்பதையும் அவரே சொன்னார். தபீதாள் முப்பது வருடமாக இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். தப்புச் செய்த பிள்ளையைப் பார்த்துப் பழகியவள் ஆகையால் அதட்டவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குத்தானே மீட்டிங்? நீல சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை குழு கூடிய இடத்தில் பத்ரிநாராயணன் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தபோது லாசரஸ் எழுந்து நின்றார். நாற்காலியில் உட்கார அழைக்கப்படாதவர் என்பதால் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். இரண்டடி முன்னால் வந்தார் என்று சொல்லலாம்.

"அந்தப் பொம்பளைங்க பொய் சொல்லலை, மேடம். அஞ்சு நாளும் அவங்க வெயில்லதான் இருந்தாங்க. நான்தான் வெயிலை உள்ள விடலை."

உறை போட்டதையும், மாடியில் அளந்ததையும், இரண்டு எண்ணையும் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார்.

மெஹர் பானு கேட்டார்: "எதுக்கு லேமினேட் பண்ணீங்க?"

"கெட்டுப்போகக் கூடாதுன்னு, மேடம்."

மெஹர் பானுவின் வீட்டுச் சோபாவில், வாங்கிய நாளில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் ஆறு வருடமாக அப்படியே இருந்தது. விருந்தாளிகள் அதிலிருந்து வழுக்கி விழுந்த கதையே தனியாக இருக்கிறது. அந்த அம்மாளுக்கு லாசரஸின் குற்றம் புரியாத குற்றமாகத் தோன்றவில்லை. இன்னும் எத்தனை படலம் இருக்கிறது என்று கேட்டார். ஐந்து என்றார் லாசரஸ். நாளைக்கே அந்த ஐந்தையும் வைத்து, என் கண்ணெதிரே அளந்து காட்டுங்கள், திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்று குழுவை ஒத்திவைத்தார்.

வெளியே வந்ததும் லாசரஸ், நன்றிப் பக்கத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி பேராசிரியரிடம் கேட்டார். பத்ரிநாராயணன் நடந்துகொண்டே இருந்தார். ஸ்கூட்டர் வரைக்கும் போய்த் திரும்பி, பதினோரு வருடமாக நான் வானத்தை அளக்கிறேன், புறஊதாக் கதிரைக் கண்ணாடிகூட உள்ளே விடாது, ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று முதலில் பார் என்று ஒவ்வொரு மாணவனுக்கும் சொல்லிக்கொடுத்தவன், உமக்கு மட்டும் சொல்லாமல் விட்டேனே என்றார். அது திட்டா மன்னிப்பா என்று லாசரஸுக்கு விளங்கவில்லை. பேராசிரியருக்கும் விளங்கியிருக்காது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு லாசரஸ் ஐந்து படலத்தோடு சர்ச் சுவரோரம் போய் நின்றார். உறை இல்லை. நடந்ததை அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னார். தப்பு தன்னுடையது என்று சொன்னார். அட்டையை நீட்டினார். ஒருத்தியும் கை நீட்டவில்லை. எல்லாரும் கங்கையம்மாளைப் பார்த்தார்கள்.

"என் மேல அதைக் குத்தாதே சாரு," என்றாள் கங்கையம்மாள். "ஒரு வாட்டி குத்திக்கினு பொய்க்காரின்னு பேர் வாங்கியாச்சு. நானு ரோட்ல குந்தறவ. கீரை வித்தாலும் விக்காட்டியும் என் வாக்கு ஒண்ணுதான் என்கிட்ட கீது. அதையும் நீ வந்து மிஷின்ல போட்டுப் பாத்துட்ட."

இன்று அளக்காவிட்டால் திங்கட்கிழமை கூரை கீழ்க்கட்டளைக்குப் போகும், கத்திரி கழியும், அடுத்த வருடக் கத்திரிக்குள் அந்தச் சதை கருவிழியை முழுக்க மூடிவிடும். இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

"அப்ப என் மேல குத்திக்கறேன்," என்றார் கடைசியில். "உன் பக்கத்துல குந்தறேன். மூணு மணி வரைக்கும்."

கங்கையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு. ஒரு கோணிப்பையை எடுத்துத் தரையில் விரித்தாள்.

பத்து மணிக்கு லாசரஸ் உட்கார்ந்தார். பத்தரைக்குக் கோணி சுட்டது. பதினொன்றுக்குச் சர்ச் சுவரே பக்கத்தில் வந்து மூச்சு விடுவதுபோல இருந்தது. அவருடைய நிழல் முதலில் முன்னால் கிடந்தது, பிறகு காலடிக்கு வந்தது, பிறகு தாங்க முடியாமல் அவருக்கு அடியிலேயே புகுந்துகொண்டது. கீரை கேட்டு வந்தவர்கள் அவரிடம் விலை கேட்டார்கள். அவர் ஒரு கட்டு சிறுகீரையை முளைக்கீரை என்று விற்றார். அதைக் கங்கையம்மாள் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தாள். பதினொன்றரைக்குப் பத்ரிநாராயணன் செங்கல் கருவியோடு வந்து சேர்ந்து, அங்கேயே நடுரோட்டில் நின்று சூரியனுக்கு நேராகப் பிடித்தார். தலைக்கு மேலே இன்றைக்கு இரண்டரையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்றார். கருவிக்குக் குடை பிடிக்க யாருமில்லாததால் நாகலக்ஷ்மி தன் முறத்தைப் பிடித்தாள்.

பன்னிரண்டு அடிக்கும்போது லாசரஸுக்குக் கண் இருண்டது. விழவில்லை, சாய்ந்தார். கங்கையம்மாள் கீரைக்குத் தெளிக்கும் தண்ணீரில் துணியை நனைத்து அவர் தலைமேல் போட்டாள்.

"எழுந்து போ சாரு. மூணு மணி வரைக்கும் நீ தாங்க மாட்டே."

"நீங்க தாங்கறீங்களே," என்றார் லாசரஸ்.

"எங்களுக்கு வேற எடம் இல்லை, தாங்கறோம். உனக்கு இன்னா?"

லாசரஸ் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கங்கையம்மாள் கையைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். இரண்டு தரம் துடைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "குடு. ரேகை படாம எங்க புடிக்கணும்?"

அவர் காட்டினார். அவள் குத்திக்கொண்டாள். நாகலக்ஷ்மியும் இன்னும் இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். ஐந்தும் தீர்ந்தது.

பன்னிரண்டே காலுக்கு மெஹர் பானுவின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, கங்கையம்மாள் முன்னால் குனிந்து நின்று, கண்ணைப் பற்றி விசாரித்தார். எத்தனை வருஷம், வலிக்குமா, ராத்திரி தூக்கம் வருமா. கங்கையம்மாள் வியாபாரத்தை விடாமலே பதில் சொன்னாள். ஏழாவது நிமிடத்தில் மெஹர் பானு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்மேல் படலம் எதுவும் குத்தவில்லை. தேவையும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கருவி சொன்னதைப் பத்ரிநாராயணன் மூன்று தரம் சரிபார்த்தார். ஐந்து படலமும் தாங்கும் எல்லையைத் தாண்டியிருந்தன. அதற்குமேல் எவ்வளவு விழுந்தது என்று சொல்ல அவற்றால் முடியாது. ஆகவே அவர் எண்ணுக்கு முன்னால் 'குறைந்தபட்சம்' என்று எழுதினார். ஏரிக்கரையில் நடப்பவர் ஒருவர்மேல் ஒரு மாதம் விழுவதைவிட அதிகமானது, இங்கே ஒருத்திமேல் ஒரே பகலில். கீழ்க்கட்டளைச் சங்கத்தார் ஆட்சேபணைக் கடிதம் ஒன்று தயார் செய்தார்கள். கொடுக்குமுன் நேரில் பார்க்கலாமென்று செயலாளர் பகல் ஒரு மணிக்குத் தாம்பரம் வந்தார். சுவரோரம் இருபது நிமிடம் நின்றுவிட்டு, இரண்டு கட்டுப் புதினா வாங்கிக்கொண்டு, கடிதத்தை விசிறியாக வைத்து வீசிக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

ஜூன் கடைசியில் கூரை வந்தது. மேலே தகரம், அதற்கடியில் வெப்பம் இறங்காதிருக்க மூங்கில் பாய். யார் எந்த ஓரம் என்று பதினைந்து பெண்களும் நாலு நாள் சண்டை போட்டார்கள். ஐந்தாம் நாள், நாலு மணி வெயில் எந்த மூலையில் எட்டிப் பார்க்கும் என்று பத்ரிநாராயணன் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்துத் தீர்த்து வைத்தார். ஜூலையில் டாக்டர் கங்கையம்மாளின் கண்ணுக்குக் கத்தியை எடுத்தார். பத்தே நாள் வீட்டில் இருந்தாள். பதினோராம் நாள் வலது கண்ணில் பச்சைத் துணித் திரையோடு கூடையின் முன்னால் இருந்தாள்.

லாசரஸ் அன்று மாலை போனார். அவருடைய மூக்குத் தோல் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு தரம் உரிந்து புதிதாக வந்திருந்தது. கூரைக்குள் நுழையலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் வெளியே ரோட்டிலேயே நின்றார். அவர் நின்றது திரை போட்ட கண்ணின் பக்கம் என்பதால், கங்கையம்மாள் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள வா சாரு," என்றாள். "வெயில்ல நிக்காதே. கண்ணுக்கு ஆவாது."

நாகலக்ஷ்மி எலுமிச்சம்பழக் கூடையை ஒரு சாண் தள்ளி வைத்தாள். லாசரஸ் குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு அவர் இரண்டு கட்டு அரைக்கீரை கேட்டார். அவள் கூடையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒன்று நேற்றையது. வீட்டுக்குப் போய்த் தபீதாள் பிரித்த பிறகுதான் அது தெரிந்தது.